முடி கொட்டுவது விலாவில், கோளாறு சினைப்பையில்: பெண் கினிப்பன்றிகளின் நீர்க்கட்டி

பெண் கினிப்பன்றியின் விலாவில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக முடி கொட்டியிருக்கிறது. உள்ளே தெரியும் தோலில் சிவப்பு இல்லை, செதில் இல்லை, புண் இல்லை. அது சொறிந்துகொள்வதும் இல்லை. வயது இரண்டைத் தாண்டிவிட்டது. இவ்வளவும் சேர்ந்து வந்தால், தோலுக்கு எண்ணெய் தேடுவதை விட்டுவிட்டு வயிற்றை ஸ்கேன் செய்யச் சொல்வதுதான் முதல் வேலை. பெரும்பாலும் கோளாறு சினைப்பையில் இருக்கும்.

பெங்களூரு அபார்ட்மென்ட் வாழ்க்கைக்குக் கினிப்பன்றி ஒத்துப்போகிற பிராணி. நாய் என்றால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், பூனை என்றால் பால்கனிக்கு வலை அடிக்க வேண்டும். இதற்கு ஹாலில் ஒரு மூலை போதும். 27, 28 டிகிரியைத் தாண்டினாலே திணறும் உடம்பு அதற்கு. ஏப்ரல், மே போக மற்ற மாதங்களில் இந்த ஊர் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. அல்சூரிலும் ஃப்ரேசர் டவுனிலும் இருக்கிற தமிழ் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கியதாக இருக்கும். வாங்கும்போது கைக்குள் அடங்குகிற குட்டி. ஆணா பெண்ணா என்பது கடைக்காரர் சொன்ன வார்த்தைதான். நீர்க்கட்டி தலைகாட்டுவதோ ஒன்றரை, இரண்டு வயதுக்கு மேல். அதற்குள் பிள்ளை பி.யூ.சி., கோச்சிங் கிளாஸ் என்று போய்விடும். புல் போடுவதும் கூண்டு கழுவுவதும் அம்மா தலையில் விழுந்திருக்கும். மாற்றத்தை முதலில் கவனிக்க வேண்டியவரும் அவர்தான்.

இது அபூர்வமான நோய் இல்லை. ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான பெண் கினிப்பன்றிகளைப் பரிசோதித்து 1987இல் வெளியான ஓர் ஆய்வில் 76 சதவீதத்துக்கு சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தது. நான்கில் மூன்று. வயது ஏற ஏறக் கட்டி வருவதும் கூடுகிறது, அதன் அளவும் கூடுகிறது. அரை சென்டிமீட்டரில் தொடங்கி ஏழு சென்டிமீட்டர் வரை போகும். மூக்கிலிருந்து பின்புறம் வரை ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற பிராணியின் வயிற்றில் ஒரு பெரிய எலுமிச்சம்பழம் கிடக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள். இரண்டு சினைப்பையிலும் ஒரே சமயத்தில் இருப்பதும் உண்டு. குட்டி போட்டது, போடாதது என்ற பேதமும் பெரிதாக இல்லை.

நீர்க்கட்டி என்றதும் நம் வீடுகளில் எல்லாருக்கும் பி.சி.ஓ.டி.தான் ஞாபகம் வரும். அங்கேதான் குழப்பமும் ஆரம்பிக்கிறது. பெண்களின் பி.சி.ஓ.டி.யில் முதிராமல் நின்றுபோன சின்னச் சின்ன சினைமுட்டைப் பைகள் வரிசையாகத் தெரியும். கினிப்பன்றிக்கு அதிகமாக வருவது வேறு ரகம். அது கருவாக இருந்த காலத்திலிருந்தே சினைப்பைக்குள் மிச்சமாக நிற்கும் நுண்குழாய் வலை ஒன்று உண்டு. அந்தக் குழாய்கள் உப்பி, தெளிந்த திரவம் நிறைந்து கட்டியாகின்றன. இதைத் திரவக் கட்டி என்று வைத்துக்கொள்ளலாம். இது ஹார்மோன் எதையும் சுரப்பதில்லை; பேசாமல் வளர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். இரண்டாவது ரகம் சினைமுட்டைப் பையிலிருந்து வருவது. முட்டையை வெளியே விடாமல் பை அப்படியே நின்று, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை விடாமல் சுரந்துகொண்டிருக்கும். எண்ணிக்கையில் இது குறைவு. ஆனால் வெளியே நம் கண்ணில் படுகிற ரகளையெல்லாம் இதனால்தான். சினைப்பைக்கு வெளியே, பக்கத்துத் திசுவில் வரும் மூன்றாவது ரகமும் இருக்கிறது. வளர்ப்பவருக்கு அந்த வித்தியாசத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆக, முடி கொட்டினால்தான் நீர்க்கட்டி என்று காத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலான கட்டிகள் தெரியாமலே போய்விடும். முடி கொட்டுவது ஹார்மோன் கட்டியின் அடையாளம். அதிகமாக வருகிற திரவக் கட்டி, வயிற்றில் இடத்தை அடைத்துக்கொண்டு, குடலை நெருக்கி, சாப்பாட்டைக் குறைத்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் கட்டி நன்றாகப் பெருத்திருக்கும். இரண்டு ரகமும் ஒரே பிராணியில் சேர்ந்து இருப்பதும் உண்டு.

கண்ணுக்குத் தெரிகிறதிலிருந்து தொடங்கலாம். முடி பொதுவாக விலாவிலும் இடுப்பை ஒட்டியும் கொட்டும். இடது பக்கம் எங்கே தொடங்குகிறதோ வலது பக்கமும் ஏறக்குறைய அங்கேதான். முதலில் மெலிந்து, சீப்பால் வாரினால் கூடுதலாக வந்து, அப்புறம் ஒருநாள் தோல் தெரியும். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வழுக்கை எல்லாக் கினிப்பன்றிக்கும் பிறவியிலேயே உண்டு. அதைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் போட்டோ அனுப்பிப் பதறுகிறவர்களை எனக்குத் தெரியும். அது நோயே இல்லை. விலாவில் இருப்பதுதான் விஷயம்.

அதே சமயத்தில் அடிவயிற்றில், பின்னங்கால்களுக்கு நடுவே இருக்கும் இரண்டு காம்புகளையும் பார்க்க வேண்டும். கினிப்பன்றிக்கு இரண்டே காம்புதான். ஹார்மோன் கட்டி இருந்தால் காம்பு பெருத்து, தடித்து, மேலே காய்ந்த பொருக்கு மாதிரி படிந்திருக்கும். எனக்கு இது முடியைவிட நம்பகமான அடையாளமாகத் தோன்றுகிறது. முடி கொட்ட ஆயிரம் காரணம் இருக்கலாம், பால் கொடுக்காத பிராணிக்குக் காம்பு தடிக்க அவ்வளவு காரணம் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் கட்டியாக இருந்தால் அது மார்புக் கட்டியாகவும் இருக்கலாம். டாக்டரிடம் தனியாகக் காட்ட வேண்டும்.

அடுத்தது நடத்தை. பெண் கினிப்பன்றிக்கு சுமார் 16 நாளுக்கு ஒரு தடவை பருவம் வரும். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் உறுமும், பின்புறத்தை ஆட்டி ஆட்டி நடக்கும், கூட இருக்கும் பெண் மேலேயே ஏறப் பார்க்கும். ஒரு நாளில் அடங்கிவிடும். அடங்காமல் தினமும் இதே பாட்டாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சாதுவாக இருந்தது கடிக்க வருவதும், வருடக்கணக்காக ஒன்றாகத் தூங்கிய ஜோடி திடீரென்று பகையாவதும் இதில் சேர்த்தி. வீட்டில் இதைச் சண்டை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கூண்டில் நடுவே தடுப்பு வைத்துவிட்டு விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுவார்கள்.

அல்சூரில் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. மூன்று வயது, பெயர் மல்லி. விலாவில் முடி போனதும் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். சொறிப்பூச்சி என்று ஐவர்மெக்டின் போட்டார்கள்; பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அப்புறம் படர்தாமரை என்று ஒரு க்ரீம். முடி வரவில்லை. கடைசியில் முயல், கினிப்பன்றி பார்க்கிற வேறொரு டாக்டரிடம் போனபோது, அவர் தோலைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்விதான் கேட்டார்.

"சொறியுதாம்மா?"

"இல்ல டாக்டர். ஒரு தடவகூடப் பார்த்ததில்ல."

"கூட இருக்கிறது பொண்ணா? அது மேல ஏறுதா?"

"ஆமாம் டாக்டர். ராத்திரியெல்லாம் ஒரே உறுமல். சண்டைன்னு பிரிச்சு வெச்சுட்டோம்."

டாக்டர் மல்லியைத் துண்டில் மல்லாக்கப் படுக்கவைத்துக் காம்பைக் காட்டினார். அந்த அம்மா அதுவரை அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. யார்தான் பார்க்கிறார்கள்? ஸ்கேனில் இரண்டு பக்கமும் கட்டி.

முதல் டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். சொறிப்பூச்சி கினிப்பன்றிக்குச் சகஜமாக வருகிற தொல்லை, ஐவர்மெக்டின் அதற்குச் சரியான மருந்து. தினமும் நாயும் பூனையும் பார்க்கிறவருக்கு முடி கொட்டினால் பூச்சிதான் முதலில் தோன்றும். ஆனால் பூச்சியாக இருந்தால் பிராணி சும்மா இருக்காது. வெறி பிடித்த மாதிரி சொறியும், தொட்டாலே கத்தும், ரொம்ப முற்றினால் அரிப்பு தாங்காமல் வலிப்பு மாதிரி இழுத்துக்கொள்வதும் உண்டு. தோல் தடித்து, பொருக்குத் தட்டி, ரத்தம் கசியும். படர்தாமரை என்றால் மூக்கு, கண், காது ஓரத்தில்தான் பெரும்பாலும் தொடங்கும். வட்டமாக, செதிலோடு இருக்கும். தூக்கிக் கொஞ்சுகிற பிள்ளையின் கையிலும் வட்டம் வந்துவிடும். ஒன்றின் முடியை இன்னொன்று கடித்துத் தின்பதும் உண்டு. அப்போது முடி வேரோடு போகாமல், கத்தரியால் வெட்டிய மாதிரி குட்டையாக நிற்கும். சரியான சாப்பாடு இல்லாமல் வைட்டமின் சி குறைந்தாலும் முடி சொரசொரப்பாகிக் கொட்டும், ஆனால் கூடவே மூட்டு வலித்து நடையே மாறியிருக்கும். நம்மைப் போலவே கினிப்பன்றிக்கும் உடம்பில் வைட்டமின் சி தானாக உற்பத்தியாகாது. தினம் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுக்கிற வீட்டில் இந்தக் கவலை இல்லை.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் முடி மெலியும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைத்துப்போனால் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும். அட்ரினல் சுரப்பிக் கோளாறு இன்னும் அபூர்வம். இவையெல்லாம் டாக்டர் யோசிக்க வேண்டியவை. நாம் சொல்ல வேண்டிய ஒரே தகவல், சொறிகிறதா இல்லையா என்பது. அதைத் துல்லியமாகச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

வயிறு பெருத்தால் முதலில் வருகிற சந்தேகம் கர்ப்பம். அதில் நியாயம் இருக்கிறது. கடையில் ஆண், பெண் மாற்றிச் சொல்லிக் கொடுப்பது நடக்கிற கதைதான். "இரண்டும் பொண்ணு" என்று வாங்கியது ஆறு மாதத்தில் குடும்பமாகிவிடும். கர்ப்ப காலம் 59 முதல் 72 நாள், சராசரியாக 68. பத்து, பதினோரு வாரம் தாண்டியும் வயிறு பெருத்துக்கொண்டே போகிறது, குட்டியைக் காணோம் என்றால் அது கர்ப்பம் இல்லை. சினையாக இருக்கும் கினிப்பன்றிக்கும் கடைசி வாரங்களில் விலாவில் முடி மெலியலாம் என்பது இன்னொரு சிக்கல். ஆண் வாடையே படாத வீடு என்றால் இந்தக் கேள்வி எழாது. சந்தேகம் இருந்தால் ஸ்கேன் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். வாயு அடைத்து வயிறு உப்புவது வேறு. அது சில மணி நேரத்தில் வரும், வயிறு மேளம் மாதிரி இறுகும், சாப்பாடு அப்படியே நின்றுபோகும். அது அவசரம், இரவானாலும் ஓட வேண்டும். நீர்க்கட்டி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வளர்வது.

ரத்தம் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கினிப்பன்றிக்கு மாதவிலக்கு கிடையாது. "பொண்ணுதானே, வரும்" என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வராது. விரித்த துணியில் ரத்தக் கறை தெரிந்தால் ஒன்று சிறுநீர்ப் பாதையில் கல் அல்லது கிருமி, இல்லையென்றால் கருப்பையில் ஏதோ. ஈஸ்ட்ரோஜன் விடாமல் சுரக்கும்போது கருப்பையின் உள்சுவர் தடிக்கிறது; தசைக் கட்டியும் வருகிறது; ரத்தப்போக்கு அங்கிருந்து வரலாம். பீட்ரூட் தின்றாலும் சிறுநீர் சிவக்கும், சாதாரணமாகவே அது சுண்ணாம்பு கலந்த மாதிரி கலங்கலாகத்தான் இருக்கும். கலங்கலுக்குப் பயப்பட வேண்டாம். சிவப்புக்குப் பயப்பட வேண்டும். டாக்டர் ஒரு சொட்டு சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்தே ரத்தமா சாயமா என்று சொல்லிவிடுவார்.

சரி, முடியும் கொட்டாமல் காம்பும் தடிக்காமல் உள்ளுக்குள்ளேயே வளர்கிற திரவக் கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு சமையலறைத் தராசு வேண்டும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரு பாத்திரத்தில் உட்கார வைத்து எடை எடுத்து எழுதி வைக்க வேண்டும். வளர்ந்த பெண் கினிப்பன்றி 700 கிராமிலிருந்து 900 வரை இருக்கும், கொஞ்சம் மேலேயும் போகும். எண் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அதன் போக்குதான் முக்கியம். வாரத்துக்கு 20, 30 கிராம் ஏறி இறங்குவது ஒன்றும் இல்லை. தொடர்ந்து சரிந்து 50 கிராமைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

ஆனால் நீர்க்கட்டியில் இந்தத் தராசே ஏமாற்றும். கட்டிக்குள் தண்ணீர் சேரச் சேர, அந்தத் தண்ணீருக்கும் எடை உண்டு. சாப்பாடு குறைந்து சதை கரைகிற அதே நேரத்தில் வயிற்றில் திரவம் கூடுகிறது. தராசு 850 என்று காட்டும், போன மாதமும் 850தான். அம்மா நிம்மதியாக இருப்பார். முதுகைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும்: முதுகெலும்பு முண்டு முண்டாகக் கையில் தட்டுப்படும், இடுப்பெலும்பு துருத்தும், கீழே வயிறு மட்டும் குண்டு. எடை எடுக்கிற அன்றே முதுகையும் ஒரு தடவை தடவிப் பார்ப்பது இதற்காகத்தான். மாதம் ஒரு முறை நேர் மேலேயிருந்து ஒரு போட்டோ எடுத்து வைப்பதும் உதவும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அகலமாகிக்கொண்டே வருகிறதா, ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறதா என்பது இரண்டு போட்டோவைப் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். நேரில் தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது.

சாப்பாட்டிலும் முதலில் புல்தான் குறையும். கொத்தமல்லித் தழையைப் பார்த்தால் ஓடிவந்து வாங்கிக்கொள்ளும், காய்ந்த புல்லை மட்டும் தொடாது. தழை தின்கிறதே என்று நாமும் விட்டுவிடுவோம். கே.ஆர். மார்க்கெட்டில் பிள்ளையார் பூஜைக்குக் கட்டுக் கட்டாக விற்கிற அருகம்புல்லை நன்றாக அலசிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தினம் ஒரே அளவு போட்டு, மறுநாள் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது எளிதான கணக்கு. புழுக்கை சின்னதாகி, எண்ணிக்கை குறைந்தால் புல் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஏப்ரல் வெயிலில் இதையெல்லாம் வெயில் மேல் போட்டுவிடுவோம். மழை வந்த பிறகும் அது பழையபடி தின்னவில்லை என்றால் வெயில் காரணமில்லை. மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு குறுகி உட்காருவதும், பல்லை நறநறவென்று கடிப்பதும் வலியின் அடையாளங்கள். இரையாகிப் பழகிய பிராணி, கடைசிவரை வலியைக் காட்டிக்கொள்ளாது. அது காட்டுகிறபோது நாள் கடந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வயிற்றை நாமே அழுத்திப் பார்க்கலாமா? தூக்கும்போது இரண்டு கையாலும் விலாவுக்குப் பின்னால் மெதுவாக அணைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று உணரலாம். அதோடு சரி. கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் சினைப்பை இருக்கிறது. கட்டி பெரிதானால் உருண்டையாக, வழவழப்பாக, கொஞ்சம் நகர்கிற மாதிரி தட்டுப்படும். தட்டுப்பட்டதா என்று உறுதி செய்ய விரலால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே உடைந்துவிடலாம். அனுபவமுள்ள டாக்டர்கூட மிக லேசாகத்தான் தொடுவார்.

உறுதி செய்வது ஸ்கேன். எக்ஸ்ரேயில் வயிற்றில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும், தண்ணீரா சதையா என்று தெரியாது. அல்ட்ரா சவுண்டில் திரவம் கறுப்பு உருண்டையாகத் தெளிவாகத் தெரியும்; சினைப்பையில் வரும் மற்ற கட்டிகளையும் கருப்பைச் சுவர் தடித்திருப்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம். மயக்க மருந்து வேண்டியதில்லை. வயிற்றில் கொஞ்சம் முடியை வழித்து, மடியில் பிடித்துக்கொண்டால் முடிந்தது. இரண்டு வயதைத் தாண்டிய பெண் கினிப்பன்றிக்கு, ஒன்றும் இல்லாவிட்டாலும் வருடம் ஒரு தடவை ஸ்கேன் செய்துவிடுவது நல்லது என்பது என் கட்சி. நான்கில் மூன்றுக்கு வருகிற நோய்க்கு அறிகுறிக்காகக் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சின்னதாக ஒன்று தெரிந்தால் உடனே கத்தியைத் தூக்க வேண்டும் என்று இல்லை. சாப்பாடும் எடையும் சரியாக இருந்தால் இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து, வளர்கிறதா என்று கவனிக்கலாம்.

சிகிச்சைக்கு மூன்று வழி சொல்வார்கள். ஊசியால் திரவத்தை உறிஞ்சி எடுப்பது ஒன்று. உடனே நிம்மதி கிடைக்கும், சில வாரங்களில் மறுபடி நிறைந்துவிடும். ஹார்மோன் ஊசி இன்னொன்று. அது ஹார்மோன் சுரக்கிற கட்டியில்தான் வேலை செய்யும். திரவக் கட்டிக்கு எத்தனை ஊசி போட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும். எந்த ரகம் என்று பார்க்காமல் ஊசி ஆரம்பித்தால் பணமும் நாளும்தான் வீண். மூன்றாவது ஆபரேஷன்: சினைப்பையை எடுத்துவிடுவது, கருப்பையும் கெட்டிருந்தால் அதையும் சேர்த்து எடுப்பது. நிரந்தரத் தீர்வு இது ஒன்றுதான்.

ஆபரேஷன் என்றதும் பயம் வருவது இயற்கை. நாய், பூனையைவிடக் கினிப்பன்றிக்கு மயக்க மருந்து ஆபத்து அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் யார் செய்கிறார் என்பது பெரிய விஷயம். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி, குயின்ஸ் ரோட்டில் அரசு மருத்துவமனை, தெருவுக்குத் தெரு தனியார் கிளினிக் என்று இருக்கிற ஊரில் டாக்டருக்குப் பஞ்சமில்லை. எங்கே போனாலும் நேராகக் கேளுங்கள்: இதுவரை கினிப்பன்றிக்கு இந்த ஆபரேஷன் செய்திருக்கிறீர்களா? மயக்கம் கொடுப்பது ஐசோஃப்ளூரேன் வாயுவா? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். "முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது, நாய்க்குப் போடுகிற பட்டினி அதற்குத் தேவையில்லை. குடல் ஓய்ந்து நின்றால்தான் உயிருக்கு ஆபத்து. ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலேயே அது வாயில் எதையாவது வைக்க வேண்டும். வைக்காவிட்டால் புல்தூள் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்து, பக்கவாட்டில் பல்லுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். இரவு அலாரம் வைத்து எழுந்திருக்கத்தான் வேண்டும். வலி மருந்து கேட்டு வாங்குங்கள். வலியிருந்தால் தின்னாது.

ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால் பெயரைப் பார்க்க வேண்டும். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் மாதிரி பென்சிலின் வகையை வாய்வழி கொடுத்தால் குடலில் இருக்க வேண்டிய கிருமிகள் அழிந்து, விஷம் சுரக்கிற கிருமி பெருகி, உயிரே போய்விடும். கிளிண்டாமைசினும் அப்படித்தான். வீட்டில் பிள்ளைக்கு வாங்கிய சிரப் மிச்சமிருக்கிறது என்று இரண்டு சொட்டு ஊற்றுகிற ஆபத்து நம் வீடுகளில் நிஜமாகவே இருக்கிறது.

அப்புறம் நம்மவர் வைத்தியம். பி.சி.ஓ.டி.க்குக் கழற்சிக்காய்ப் பொடி நல்லது என்று யாரோ சொன்னதால், அதில் ஒரு சிட்டிகை கினிப்பன்றிக்கும் கொடுக்கலாமா என்று கேட்டவர் உண்டு. முக்கால் கிலோ பிராணிக்கு எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டாம். வழுக்கை விழுந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவது முடியை வரவைக்காது, அழுக்கைத்தான் ஒட்டவைக்கும். இதைவிட மோசமான யோசனை ஒன்று இருக்கிறது. "ஒரு குட்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடும்." நம் வீட்டுப் பெண்களிடம் காலங்காலமாகச் சொல்லிவருகிற அதே வசனம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும். குட்டி போட்ட கினிப்பன்றிக்கும் நீர்க்கட்டி வருகிறது, அதனால் இதில் பலன் ஒன்றும் இல்லை. ஆபத்து மட்டும் இருக்கிறது. ஆறு, ஏழு மாதத்துக்குள் முதல் பிரசவம் ஆகாத கினிப்பன்றிக்கு முன்பக்க இடுப்பெலும்பு இறுகிச் சேர்ந்துவிடும். குட்டிகளோ முடியும் பல்லும் முளைத்து, கண் திறந்து, பெரிதாகவே பிறப்பவை. மூன்று வயதில் முதல் முறையாக ஆணோடு விட்டால் குட்டி வெளியே வர வழியிருக்காது. சிசேரியன் கிடைக்காவிட்டால் தாயும் குட்டியும் போய்விடும். நீர்க்கட்டி ஆபரேஷனுக்குப் பயந்து இதைச் செய்வது என்ன கணக்கு என்று எனக்குப் புரிவதில்லை.

இளவயதிலேயே சினைப்பையை எடுத்துவிட்டால் இந்த நோயே வராது. அனுபவமுள்ள டாக்டர் கிடைத்தால் யோசிக்கலாம்; எல்லாருக்கும் அதைச் சிபாரிசு செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. ஆரோக்கியமான இரண்டு, மூன்று வயதுப் பிராணிக்குக் கட்டி உறுதியானால் ஆபரேஷன் பக்கம்தான் நான் சாய்வேன். ஆறு வயதைத் தாண்டிய, இதயமோ சிறுநீரகமோ தளர்ந்த பிராணிக்கு அதே முடிவு பொருந்தாது. அதன் ஆயுளே ஐந்திலிருந்து எட்டு வருடம்தான். அங்கே ஊசியால் திரவத்தை எடுத்து, வலி மருந்து கொடுத்து, மறுபடி நிறையும்போது மறுபடி எடுத்து, நன்றாகச் சாப்பிடுகிற வரை வைத்துப் பார்ப்பதே போதும். எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை என்பது தராசும் முதுகெலும்பும் சேர்ந்து சொல்லும்.

ஆபரேஷன் ஆனவற்றுக்கு உறுமலும் ஏறுவதும் சில வாரங்களில் குறையும். காம்புப் பொருக்கு உதிரும். விலாவில் முடி முளைக்க இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். முதலில் வேறு நிறத்தில்கூட வரும். அது வரும்வரை குளிர் காலத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும் என்பதால், டிசம்பர், ஜனவரி பெங்களூரு இரவுகளில் கூண்டுக்குள் ஒரு பழைய கம்பளித் துணி கூடுதலாகப் போட வேண்டும். பிரித்து வைத்த ஜோடியைத் தையல் ஆறியதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டுக்கும் புதிதான ஓர் இடத்தில், நடுவே ஒரு குவியல் புல்லைப் போட்டு, மறுபடி சேர்த்துவிடலாம். அதுவரை தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்திருந்தால் மீண்டும் சேர்ப்பது எளிது.